தூறலுக்கே போகும் மின்சாரம்: பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

கேள்வி (10 நவம்பர் 2024)

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிறு பேரூரில் இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து, காற்று என்று சொல்லும்படி எதுவும் வீசாதபோதே, தூறல் விழுந்த சற்று நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. மழைக்குப் பயந்து வேண்டுமென்றே நிறுத்திவிடுகிறார்கள் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். 2018இல் கஜா புயலையே பார்த்துவிட்ட ஊருக்கு இந்தத் தூறலைத் தாங்க முடியாதா?

11 நவம்பர் 2024

நானும் அதே பக்கத்தைச் சேர்ந்தவன். சிறிய தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். சித்தப்பா மகன் ஒருவன் கம்பியாளராக வேலை பார்ப்பதால், இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாக அவனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வேண்டுமென்றே நிறுத்துவது உண்டு. புயல் கரையை நெருங்கும்போது, அறுந்து விழும் கம்பியில் மின்சாரம் இருந்தால் அதை மிதிக்கும் மனிதரோ மாடோ அந்த இடத்திலேயே இறந்துபோக நேரிடும் என்பதால், துணை மின்நிலையத்திலேயே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அதைச் சரியான முடிவாகவே நான் கருதுகிறேன். ஆனால் தூறலுக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் யாரும் கைவைத்து நிறுத்தியது அல்ல. துணை மின்நிலையத்திலிருந்து புறப்படும் 22 கே.வி. (22,000 வோல்ட்) மின்பாதை, தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே பல ஊர்களைத் தொட்டுக்கொண்டு நெடுந்தூரம் போகிறது. அந்தப் பாதையில் ஏதேனும் ஓர் இடத்தில் ஈர மட்டை ஒன்று கம்பிமேல் விழுந்தாலும், மின்சாரம் கம்பத்துக்குப் போகாமல் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் ஒன்றில் விரிசல் விட்டிருந்தாலும், மின்சாரம் தரைக்கோ பக்கத்துக் கம்பிக்கோ பாயும். அதை உணரும் ரிலே என்ற காவல் கருவி, துணை மின்நிலையத்தில் பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர் என்ற பெரிய சுவிட்சை உடனே திறந்துவிடும். அந்தப் பாதையில் உள்ள அத்தனை ஊர்களும் ஒரே நொடியில் இருளும். உங்கள் தெருவில் காற்றே இல்லாமல் இருக்கலாம். பழுது எங்கோ ஒரு வாய்க்கால் கரையில் இருக்கும்.

11 நவம்பர் 2024, இரவு

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று, கடலோரத்துக்கு அது முக்கியமானது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கங்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கோடை முழுவதும் இன்சுலேட்டர்களின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை. பனியோ தூறலோ அதை ஈரமாக்கும்போது, அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் கசிந்து, பொறி பறந்து, பிரேக்கர் விழுந்துவிடும், அதாவது திறந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். கனமழை பெய்தால் உப்பு கழுவப்பட்டுவிடும். ஆகவே பருவத்தின் முதல் தூறலுக்குப் போகிற மின்சாரம், அடுத்த வாரத்துப் பெருமழைக்குப் போகாமல் நிற்பதையும் பார்க்கலாம். இது தெரியாதவரை எனக்கும் அது புரியாத புதிராகவே இருந்தது.

13 நவம்பர் 2024

"அப்படியானால் ஏன் வந்து வந்து போகிறது? போக்குக் காட்டுகிறார்களா?" என்று கேட்டவருக்கு.

அது பழுதைத் தேடும் முறை. பாதையின் நடுவே ஆங்காங்கே கம்பத்தில், பாதையைக் கையால் துண்டிக்கவும் சேர்க்கவும் ஏ.பி. சுவிட்சுகள் இருக்கும். நடுவில் ஒன்றைத் திறந்துவிட்டு, முதல் பாதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பிரேக்கர் விழாமல் நின்றால் பழுது அடுத்த பாதியில் இருக்கிறது. விழுந்தால் இந்தப் பாதியில். பிறகு அந்தப் பாதியையும் இரண்டாக்கிப் பார்ப்பார்கள். நமக்கு விளக்கு ஒரு கணம் எரிந்து அணைவது அந்தச் சோதனையின்போதுதான். இதற்கிடையில் ஒருவர் டார்ச் விளக்கோடு, மழையில், சேற்று வரப்பில், கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்து போகிறார். கம்பியாளரான அந்தத் தம்பி சொல்வதுண்டு: பாம்பைப் பார்ப்பதா, கம்பியைப் பார்ப்பதா என்பதுதான் மழை இரவின் பெரிய கேள்வி என்று.

இன்னொரு நடைமுறைச் செய்தி. மின்சாரம் இப்படி வந்து போகிற நேரத்தில் குளிர்பெட்டியையும் மோட்டாரையும் அணைத்து வைப்பது நல்லது. விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் வரையில் வீட்டுக்குள் வந்துவிடக்கூடும். எங்கள் தெருவில் ஒரே மாலையில் பல தொலைக்காட்சிகள் எரிந்துபோனது அப்படித்தான்.

16 நவம்பர் 2024

இன்றோடு கஜா கரை கடந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கேள்வி கேட்டவர் கஜாவைக் குறிப்பிட்டதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. கடற்கரையோடு நின்றுவிடாமல் தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உட்பகுதிவரை மூர்க்கத்தோடு போய், திண்டுக்கல் வழியாகக் கேரளத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அந்த எண்ணை விடியற்காலையில் யாரும் அறிந்திருக்கவில்லை. நாங்கள் கண்டது, சாலையின் குறுக்கே விழுந்து கிடந்த தென்னைகளையும், அவற்றின் அடியில் சிக்கிய கம்பிகளையும், அடியோடு ஒடிந்த கம்பங்களையும்தான். ஒரு கம்பம் விழும்போது, கம்பியின் இழுப்பில் அடுத்ததும் அதற்கடுத்ததும் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மழையில் ஊறிய மண் எதையும் பிடித்துவைக்கவில்லை.

இருட்டைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். எங்களை வாட்டியது தண்ணீர். எங்கள் பக்கத்தில் கிணறு தூர்ந்து, ஆழ்துளைக் குழாயும் நீர்மூழ்கி மோட்டாருமே எல்லா வீடுகளுக்கும் ஆதாரமாகிவிட்ட காலம் அது. மேல்நிலைத் தொட்டி காலியான பிறகு, சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்க ஒரு குடம் தண்ணீருக்காக அலைந்தோம். வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள் மணிக்கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுத் தொட்டிகளை நிரப்பினார்கள். பணம் இல்லாத வீடுகள், பழைய கைப்பம்பு ஒன்று இன்னும் வேலை செய்த தெருமுனையில் வரிசையில் நின்றன. கைபேசிக் கோபுரங்களும் டீசல் தீர்ந்து அடங்கிவிட்டதால், வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்வதற்குக்கூட வழியில்லாமல் இருந்தது. அம்மாவின் இன்சுலின் மருந்தை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினோம்.

பிற மாவட்டங்களிலிருந்தும், அவ்வாண்டு ஆகஸ்டில்தான் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்த கேரளத்தின் மின்வாரியத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மொழி தெரியாத ஊரில், பள்ளிக்கூடத் தரையில் படுத்து, கழுத்தளவு சேற்றில் கம்பம் தூக்கினார்கள். ஊர் இளைஞர்கள் குழி தோண்டினார்கள், டிராக்டரில் கம்பம் இழுத்தார்கள். பெண்கள் உலை வைத்தார்கள். அந்த மனிதர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

17 நவம்பர் 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், "பக்கத்துத் தெருவுக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை, சாலை மறியல் செய்த பிறகுதான் வந்தது, அதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நான் இந்த இழையில் சொல்ல நினைக்கும் முக்கியமான கருத்தும் இதைத் தொட்டதுதான்.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உயரழுத்தக் கோபுரப் பாதையும் துணை மின்நிலையமும். பிறகு 22 கே.வி. பாதை, பிறகு டிரான்ஸ்பார்மர், அதன் பிறகு தெருவின் தாழ்வழுத்தக் கம்பிகள், கடைசியில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர். மேலே உள்ளது சரியாகாமல் கீழே உள்ளதைச் சரிசெய்து பயனில்லை. பக்கத்துத் தெரு வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கக்கூடும். வேறு பாதையிலேயே இருக்கக்கூடும். ஆகவே அவர்களுக்கு வந்ததாலேயே பாரபட்சம் என்று சொல்லிவிட முடியாது.

இருந்தாலும், மறியல் செய்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வரிசை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்று எந்தப் பாதையில் வேலை நடக்கிறது, நாளை எங்கே, எங்கள் தெரு எத்தனையாவது என்று பேரூராட்சிப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தால் போதும். பாதிக் கோபம் எழுந்தே இருக்காது. கடைக்கோடியில் இருக்கும் குடியிருப்புகள் பெரும்பாலும் ஏழைக் குடியிருப்புகள். பாதையின் வாலில் இருப்பதாலேயே ஒவ்வொரு முறையும் அவர்களுக்குக் கடைசியாக வருகிறது. அவர்களிடம் வரிசையைச் சொல்லாமல் பொறுமையை மட்டும் கேட்பது அநீதி.

இரண்டாவதாக, அந்த வரிசைக்குள்ளேயே ஒரு மாற்றம் வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் வந்தவுடன், முதல் இணைப்பு அந்தப் பகுதியின் குடிநீர்த் தொட்டி மோட்டாருக்குப் போக வேண்டும்; வீடுகள் அதற்குப் பிறகு வரட்டும். குடிநீர்த் தொட்டிகள் எல்லாம் எந்த டிரான்ஸ்பார்மரில், எந்தக் கம்பத்தில் இருக்கின்றன என்று மழைக்கு முன்பே குறித்து வைத்திருந்தால் இது கடினமான வேலை அல்ல.

20 நவம்பர் 2024

இன்று மழை விட்டிருந்ததால் தோப்புப் பக்கம் போயிருந்தேன். அங்கே கண்டதை உடனே எழுதவேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் தூறலுக்கு ஏன் போகிறது என்ற முதல் கேள்விக்கான பதிலில் ஒரு பெரிய பகுதி அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

கஜாவில் விழுந்த தென்னைகளுக்குப் பதிலாக, அடுத்த ஆண்டிலிருந்தே நாங்கள் எல்லோரும் கன்றுகள் வைத்தோம். அவசரத்தில், விழுந்த மரத்தின் குழிக்குப் பக்கத்திலேயே வைத்தோம். கம்பி எங்கே போகிறது என்று அண்ணாந்து பார்த்தவர்கள் குறைவு. அப்போது பல இடங்களில் மேலே கம்பியே இல்லை. இன்று அந்தக் கன்றுகளுக்கு ஐந்து, ஆறு வயது. தண்டு இன்னும் ஆள் உயரம்கூட இல்லை, ஆனால் இளந்தென்னையின் மட்டை செங்குத்தாக மேல்நோக்கி வளரும். அதன் நுனி தெருக்கம்பியின் உயரத்தை எட்டிவிட்டது. நான் போன வழியில் பல இடங்களில் கீற்று நுனிகள் கம்பியில் உரசிக் கருகியிருந்தன. ஈரக்காற்று லேசாக அசைத்தாலே பொறி பறக்கும் நிலை. எங்கள் வட்டாரத்தில் தென்னை வைத்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வைத்ததால், எல்லா மரங்களும் ஒரே காலத்தில் கம்பியைத் தொடுகின்றன. இனி வரும் ஒவ்வொரு பருவமழையிலும் இது கூடுமே தவிரக் குறையாது. கம்பிக்கு அடியில் நிற்கும் தென்னைகளை எடுத்தாகவேண்டும்.

21 நவம்பர் 2024

"கஜாவில் தோப்பையே இழந்தவனிடம் போய், மறுபடியும் மரத்தை வெட்டு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?" என்று ஒரு தோப்புக்காரர் எழுதியிருக்கிறார். அவருடைய வேதனை எனக்கும் உரியது. ஒரு நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை தண்ணீரும் எருவும் கொடுத்து, காண்டாமிருக வண்டிலிருந்து காத்து, முதல் பாளை வெடிக்கிற நேரத்தில் வெட்டு என்றால் யாருக்கும் நெஞ்சு பொறுக்காது.

ஆனாலும் யோசித்துப் பார்க்கவேண்டும். மற்ற மரங்களைப் போலத் தென்னையின் கிளையை மட்டும் வெட்டி உயரத்தைக் குறைக்க முடியாது. அதற்கு ஒரே குருத்துதான். ஆண்டுதோறும் மட்டையைக் கழித்துக்கொண்டே போனால் காய்ப்பு போய்விடும், மரமும் நலியும். கம்பிக்கு நேர்கீழே நிற்கும் தென்னையை வைத்துக்கொள்ள வழியே இல்லை என்பதுதான் உண்மை. என் தோப்பில் அப்படி நின்றவற்றை எடுத்துவிட்டு அந்த வரிசையில் எலுமிச்சையும் கொய்யாவும் வைக்க முடிவு செய்திருக்கிறேன். எல்லோரும் தங்கள் கைக்காசில் இதைச் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கம்பிப் பாதையில் நிற்கும் தென்னைக்கு இழப்பீடும், மாற்றுக் கன்றும் கொடுத்து எடுத்தால், புயலுக்குப் பிறகு நட வேண்டிய கம்பங்களுக்கு ஆகும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஊராட்சியும் தோப்புக்காரர்களும் மின்வாரியமும் ஒன்றாக நடந்து பார்த்து, மரத்துக்கு அடையாளம் இடவேண்டும். தனித்தனியாகச் செய்தால் சண்டையில்தான் முடியும்.

24 நவம்பர் 2024

சூரிய மின்தகடு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. இவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் கிடைப்பதால் எங்கள் பக்கத்திலும் பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் மின்வாரியக் கம்பியோடு இணைந்த வகையாக இருந்தால், கம்பியில் மின்சாரம் போனவுடன் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு சேர்ந்த வகை மட்டுமே மின்தடையில் உதவும், அதன் விலை வேறு.

சாதாரண இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருக்கும்போது, இரண்டு பழைய மின்விசிறிகளையும் சில எல்.இ.டி. விளக்குகளையும் ஓர் இரவுக்குத் தாங்கும். மின்விசிறியை 30 வாட் அளவில் ஓடும் புதிய வகைக்கு மாற்றினால் அதே பேட்டரி இருமடங்கு நேரம் வரும். கஜா போன்ற நீண்ட தடைக்கு எதுவும் போதாது.

27 நவம்பர் 2024

வங்கக்கடலின் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நகராமல் நின்று பெய்கிறது. நாகை, திருவாரூர் பக்கம் சம்பா வயல்கள் மூழ்கிவிட்டன. எங்கள் ஊரில் நேற்று மாலை போன மின்சாரம் இன்று மதியம் வந்தது. பழுதானது நான் 20ஆம் தேதி எழுதிய அந்தத் தோப்பு வழிப் பாதைதான். தம்பி இரவு முழுவதும் வெளியே இருந்தான். ஒரே ஆளுக்கு இத்தனை ஊர் என்பது தாங்கக்கூடியதல்ல. காலியாக உள்ள கம்பியாளர் இடங்களை நிரப்பாமல் மரத்தை மட்டும் வெட்டிப் பயன் குறைவு என்பதையும் முந்தைய குறிப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. விழுப்புரம், கடலூர் பக்கத்து உறவினர்கள் யாரையும் தொடர்புகொள்ள முடியவில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தபோது அந்த ஊர்கள் எவ்வளவு காலம் மின்சாரமின்றி இருந்தன என்பது நினைவிருப்பவர்களுக்கு, அங்கே இப்போது என்ன மனநிலை இருக்கும் என்று தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: தேங்கிய நீரில் கம்பி கிடந்தால், மின்சாரம் இல்லை என்று நீங்களாக முடிவுசெய்து கிட்டே போகாதீர்கள்.

4 டிசம்பர் 2024

"எல்லாவற்றையும் பூமிக்குள் புதைத்துவிட்டால் என்ன?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் ஆபத்துக் குறைப்புத் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களில் புதைவடம் அமைக்கும் வேலை சேர்க்கப்பட்டது. வீடுகள் நெருங்கியிருக்கும் நகரத்துக்கு அது மிகவும் பொருத்தமானது. தோப்புக்கு நடுவே ஒரு வீடு, வயலுக்கு அப்பால் ஒரு வீடு என்று சிதறியிருக்கும் எங்கள் பகுதிக்கு, முழுவதையும் புதைக்கும் செலவு கட்டாது. நீர் தேங்கும் மண்ணில் புதைவடம் பழுதானால், எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும், தோண்டவும் வேண்டும். கடைத்தெரு, மருத்துவமனை, குடிநீர் நிலையம் ஆகியவற்றுக்குப் போகும் பாதையை மட்டுமாவது புதைத்து, மற்ற இடங்களில் உறையிட்ட கம்பி போட்டால், கீற்று உரசுவதால் வரும் தொல்லை பெருமளவு குறையும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முழுவதையும் கேட்டு எதுவும் கிடைக்காமல் இருப்பதைவிட, இந்த மூன்று இடங்களைக் கேட்டுப் பெறுவது மேல்.

9 டிசம்பர் 2024

கடந்த வார மின்தடையில் பக்கத்துத் தெருவில் ஒருவர், ஜெனரேட்டர் ஒயரை வீட்டின் பிளக்கில் நேராகச் செருகி வீடு முழுவதற்கும் விளக்கு போட்டிருந்ததைக் கேள்விப்பட்டதால், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெயின் சுவிட்சை அணைக்காமல் அப்படிச் செய்தால், ஜெனரேட்டரின் மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்து பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி மேல்பாதைக்கு ஏறும். துணை மின்நிலையத்தில் லைன் கிளியர் (பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற அனுமதி) வாங்கிக்கொண்டு, மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஒருவரை அது கொன்றுவிடும். இருபுறமும் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பியைத் தொடவேண்டும் என்பது விதி. நள்ளிரவு மழையில், ஊரார் சுற்றி நின்று அவசரப்படுத்தும்போது, அந்த விதியைக் கடைப்பிடிக்க அவருக்கு நாம்தான் நேரம் கொடுக்கவேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், மின்வாரியக் கம்பி அல்லது ஜெனரேட்டர் என ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றைக் கட்டாயம் பொருத்திக்கொள்ளுங்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியன் அரை நாளில் செய்துவிடுவார். அதுவரை ஒயரைத் தனியாக இழுத்து, மோட்டாருக்கோ குளிர்பெட்டிக்கோ நேரடியாக மட்டும் கொடுங்கள்.

தோப்புப் பாதையில் நடந்து பார்த்து மரங்களுக்கு அடையாளமிடுவது பற்றிப் பேரூராட்சியில் மனு எழுதியிருக்கிறோம். குடிநீர்த் தொட்டிகளின் பட்டியலும் அதில் இருக்கிறது. கேள்வி கேட்டவரின் ஊரும் அதே பாதையில் இருந்தால், அவர்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர்களில் எந்தெந்தத் தொட்டி இணைந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினால் ஒரே மனுவாகச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.